மெனோபாஸுக்குப் பிறகு பிபி ஏறுவது ஏன்?

இளம் வயதில் உயர் ரத்த அழுத்தம் ஆண்களுக்கே அதிகம். பெண்களுக்குக் காவலாக நிற்பது ஈஸ்ட்ரோஜென். ரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க இந்த ஹார்மோன் தூண்டுகிறது. குழாய் தளர்ந்து விரிகிறது.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜென் குறைகிறது. குழாய்கள் விறைக்கின்றன, சாப்பாட்டில் உப்பு கூடினால் பிபியும் எளிதில் ஏறுகிறது. 60 வயதைத் தாண்டும்போது பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள்.

அதற்காக ஹார்மோன் மாத்திரையை நாடக் கூடாது. ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை குறித்த அமெரிக்காவின் பெரிய ஆய்வு, மார்பகப் புற்றுநோய், பக்கவாத ஆபத்து கூடியதால் 2002-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

படபடப்பு, தலைவலி எல்லாமே 'மெனோபாஸ்தான்' என்று ஒதுக்காமல் பிபி பாருங்கள். கர்ப்ப காலத்தில் பிபி இருந்தவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. உப்பு, நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும்!