நார்க்கட்டியும் நலிவுறும் மனமும்

கருப்பையின் தசைச்சுவரிலே தோன்றும் ஒருவகைக் கட்டியை நார்க்கட்டி என்பர். இது புற்றுநோயன்று. அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டனில் வாழ்ந்த மகளிரை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்று, ஐம்பது வயதெய்துமுன் வெள்ளையினத்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கும், கறுப்பினத்தாருள் 80 பேருக்கு மேலும் இக்கட்டி தோன்றுமெனக் கணித்தது. அவருட் பலர் யாதொரு துன்பமும் உணரார்.

துன்பமுறுவோர்க்கோ அது உடலளவில் நின்றுவிடுவதில்லை. மாதவிடாய் மிகுந்து குருதி பெருகிக் கழியவே, உடலின் இரும்புச்சத்து அருகிக் குருதிச்சோகை உண்டாகின்றது. அதனால் தளர்ச்சியும் மறதியும் எரிச்சலும் தோன்றும். இல்லத்தார் இவற்றைச் சோம்பலென்றும் கடுங்குணமென்றும் கொள்வர். அவளும் தன்னையே நொந்துகொள்வாள். ஆடை கறைபடுமோ என்னும் அச்சம் பயணத்தையும் விழாவையும் விலக்கச் செய்யும். மகப்பேறு வாய்க்குமோ என்னும் ஏக்கமும், கருப்பையை இழக்க நேருமோ என்னும் கவலையும் உறக்கத்தைக் கெடுக்கும். நாணத்தால் இவற்றை வெளியிடாதிருக்க, மனச்சோர்வு முற்றும்.

குருதிப்பெருக்கைத் தணிக்க மருந்துகள் உள. கருப்பையைக் காத்துக் கட்டியை மாத்திரம் அகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆயினும், “பெண்களுக்கு இது இயல்பே” என்று ஒதுக்குமிடத்து, இவை உரிய காலத்திற் கிட்டுவதில்லை. அயர்ந்திருக்கும் தாயைக் கடிந்துகொள்ளுமுன், அவளை மருத்துவரிடம் அழைத்துச்சென்று குருதியைச் சோதிப்பித்தல் கற்ற மக்களின் கடனாகும்.