வீட்டை யடுத்த தென்னையை அபாயமின்றி இறக்குதல்

2018ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் கணக்கற்ற தென்னைகளை வீழ்த்திற்று. தோப்பில் வீழ்ந்த மரம் குடியானவரின் வருமானத்தைக் கொண்டுபோயிற்று. கொல்லையில் நின்ற மரமோ ஓட்டுக் கூரையின்மீது சாயின் உயிருக்கே உலை வைப்பதாகும். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்தபின் இம்மரங்களைத் தொடுவது புத்தியன்று. சித்திரை முதல் ஆடிவரை நிலம் இறுகியிருக்கும் நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை.

சாய்ந்த தென்னையெல்லாம் அபாயமானதன்று. இளமையிலேயே வெளிச்சத்தை நாடிச் சாய்ந்து, பின் நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கும் மரம், அச்சாய்விற்குத் தக்கவாறு வேரூன்றியிருக்கும், அதனை வெட்டவேண்டுவதில்லை. அடிமுதல் நுனிவரை வளைவின்றிக் கோல்போல் சாய்ந்து, சாய்விற்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேடிட்டோ இருக்குமாயின், அது அண்மையில் ஏற்பட்ட சாய்வு என்றறிக. அத்தகைய மரத்தை அடுத்த மழைவரை விட்டுவைத்தல் கூடாது.

நேராக நிற்கும் மரத்திலும் நோய் மறைந்திருக்கும். அடித்தண்டின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறமான சாறு கசிந்தால், அது தஞ்சாவூர் வாடல் நோயாகும். 1952ஆம் வருஷப் புயலுக்குப்பின் தஞ்சை ஜில்லாவில் கண்டறியப்பட்டதால் இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. இதனால் வேர்கள் அழுகிவிடும். கொண்டை பசுமையாயிருப்பினும் மரத்திற்குப் பிடிப்பு இராது. தண்டில் துவாரங்களும், அவற்றின் வாயில் மென்ற நார்ச்சக்கையும் தென்பட்டால், சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் உள்ளே குடைகின்றன என்று கொள்ளலாம். இம்மரத்தின் கொண்டை முன்னறிவிப்பின்றி முறிந்து விழும். அநுபவமுள்ள மரமேறி, ஏறுமுன் அரிவாளின் பின்புறத்தால் தண்டைச் சுற்றிலும் தட்டிப் பார்ப்பான். மத்தளம்போல் ஒலித்தால் ஏற மறுப்பான். வீட்டுக்காரர் கூலியைக் கூட்டிக் கொடுத்து அவனை ஏறத் தூண்டுவது பெரும் பாவம். பிழைப்பிற்காக அவன் இணங்கினாலும், மறுத்த அவனது முதற் சொல்லே சரியானது.

மரத்தின் உயரத்தைக் கண்மதிப்பாகச் சொல்வோர் பெரும்பாலும் குறைத்தே சொல்வர். வெயிலில் 3 அடிக் கோலொன்றை நேராக நட்டு, அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே சமயத்தில் அளத்தல் வேண்டும். கோலின் நிழல் 2 அடியும் மரத்தின் நிழல் 40 அடியும் இருப்பின், மரம் 60 அடி உயரமென்பது தெளிவு. மட்டைகளைக் கழிக்காமல் சாய்ப்பதாயின், அவற்றின் நீளமாகிய 15 முதல் 20 அடியையும் இதனோடு கூட்டவேண்டும். அவ்வளவு தூரம் வெற்றிடம் உண்டா என்று பார்த்தபின்பே முழுமரமாகச் சாய்க்கும் யோசனைக்கு இடமுண்டு. கிணறு, தொழுவம், அண்டை வீட்டாரின் மதில் ஆகியவை அவ்வெல்லைக்குள் வருமாயின் துண்டு துண்டாகவே இறக்குதல் வேண்டும். மின்கம்பி அருகிலிருந்தால் மின்சார அலுவலகத்திற்கு முன்னதாகவே தெரிவித்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்டதென்று அவர்கள் வாயால் கேட்டபிறகே வேலை தொடங்கலாம். ஈரமான மட்டை கம்பியில் பட்டாலும் ஆளைக் கொல்லும்.

துண்டுகளாக இறக்குகையில், முதலில் காய்களையும் குரும்பைகளையும், பின்பு கீழ்மட்டைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எல்லா மட்டைகளையும் நீக்குவர். எஞ்சிய கொண்டையை அறுக்கும் தருணமே யாவற்றினும் ஆபத்தானது. கனத்த கொண்டை பிரிந்து விழுந்த கணத்தில், பாரம் நீங்கிய தண்டு எதிர்ப்புறமாக விசிறி ஆடும். காலில் தளையை மட்டும் நம்பியிருப்பவன் அவ்வாட்டத்தில் தூக்கியெறியப்படுவான். ஆகவே அறுப்பிடத்திற்கு நன்கு கீழே, இடுப்புப் பட்டையால் தண்டோடு தன்னைப் பிணைத்துக்கொண்டே அவன் ரம்பத்தை எடுத்தல் வேண்டும். கொண்டையில் முன்னரே கட்டிய வடத்தைத் தரையிலுள்ளோர் வெற்றிடத்தை நோக்கி இழுத்துப் பிடித்திருத்தல் அவசியம். அதன்பின் தண்டை மூன்று நான்கு அடித் துண்டுகளாக மேலிருந்து அறுத்துத் தள்ளலாம். வைக்கோலையும் உமி மூட்டைகளையும் பரப்பிவைத்தால் துண்டுகள் துள்ளி உருளா.

கூரைக்கு மேலாகவே சாய்ந்துள்ள மரத்தில் இம்முறை செல்லாது. துண்டு நேரே ஓட்டின்மீது விழும். அருகில் அதைவிட உயர்ந்த உறுதியான மரம் நிற்குமாயின், அதில் கப்பி பூட்டி, ஒவ்வொரு சிறு துண்டையும் வடத்தில் கட்டி மெல்ல இறக்குவர். அதுவுமின்றி அடியும் அழுகியிருந்தால் மனிதன் ஏறவே கூடாது. பாரந்தூக்கி இயந்திரத்தை அமர்த்துதல் ஒன்றே வழி. அது வந்து வேலை முடியுமட்டும் அவ்வீட்டார் வேறிடத்தில் படுத்துறங்குதல் நலம். செலவு அதிகமென்று தோன்றலாம். சரிந்த கூரையைத் திரும்ப வேய்தல் அதனினும் செலவானது.

வெற்றிடம் போதுமானால் முழுமரமாகச் சாய்க்கலாம். தண்டின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இழுவடமும், இருபுறமும் தாங்குவடங்களும் கட்டவேண்டும். இழுப்போர் மரம் விழும் நேர்க்கோட்டில் நில்லாமல், எட்டத்திலுள்ள உறுதியான மரத்தின் அடியில் கப்பியிட்டு, பக்கவாட்டில் நின்றே இழுத்தல் வேண்டும். வடத்தை இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொள்ளுதல் கூடவே கூடாது. விழும் பக்கத்தில் தண்டின் கனத்தில் நாலிலொரு பங்கு ஆழத்திற்கு ஆப்பு வடிவமாக வெட்டியெடுத்து, எதிர்ப்புறத்தில் அவ்வெட்டின் தளத்திற்கு இரண்டங்குலம் மேலே அறுப்பர். இரண்டிற்கும் நடுவே சிறிது தண்டை அறுக்காமல் விட்டால், அது கீல்போல் நின்று மரத்தைத் திசை தவறாமல் சாய்க்கும். ஆயின் புளி, வேம்பு இவற்றைப்போல் தென்னைக்கு உள்வயிரம் கிடையாது. அதன் வலிவெல்லாம் வெளிவட்டத்தில் உள்ளது. நடுப்பகுதி மிருதுவான சோறு. வேம்பு வெட்டிப் பழகியவர் அதே அளவிற்குத் தென்னையையும் அறுத்தால், கீல் எதிர்பாராமல் முறியும். எனவே இங்குச் சற்று அதிகமாகவே விடவேண்டும். மரம் நெரியும் ஒலி கேட்டவுடன் அறுப்பவர் பின்னோக்கி நேராக ஓடாமல், சாய்கோணமாக விலகிச் செல்லல் முறை.

பனையின் விஷயம் வேறு. அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021ஆம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்துள்ளது. ஆபத்தான பனையாயினும் முதலில் மனுச் செய்தல் வேண்டும்.

இறக்கிய தண்டைக் கொல்லையிலேயே கிடத்திவைப்பது பலரின் வழக்கம். மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, எஞ்சிய தென்னைகளின் குருத்தைக் குடையும். நல்ல தண்டை உடனே அறுத்துக் கை மரங்களாக்கலாம். நோயுற்றதை அடிக்கட்டையோடும் வேரோடும் தோண்டியெடுத்துக் கொளுத்திவிட வேண்டும். பாட்டன் வைத்த மரமென்று மனம் நோவோர், விழுந்த மரத்தின் நெற்றுகளிலிருந்தன்றி, நோயற்ற தாய்மரத்தின் நெற்றிலிருந்து கன்று தேர்ந்து நடுக. அக்கன்றைப் பழைய குழியில் வைக்காமல், சுவரிலிருந்து 25 அடிக்குக் குறையாமல் தள்ளி வைத்தல் வேண்டும்.