பொதுக் கணினியும் நிருவாகியின் திறவுகோலும்

வீட்டில் ஐவர் இருப்பர். கணினியோ ஒன்றே இருக்கும். தந்தையார் அதிலே வங்கிக் கணக்கைப் பார்ப்பார். தாயார் ஊருக்கு மடல் எழுதுவார். பிள்ளைகள் பாடமும் படிப்பர், விளையாடவும் செய்வர். இவ்வாறு பலர் கையாளும் கணினியிலே எவரும் எந்த மென்பொருளையும் நிறுவலாம் என்று விட்டுவைப்பது, வாயிற்கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்கச் செல்வதற்கு ஒப்பாகும்.

எம் வீட்டில் நிகழ்ந்ததையே கூறுகிறேன். மூத்த மகன் இணையத்திலிருந்து இலவச விளையாட்டு ஒன்றை இறக்கி நிறுவினான். அதனுடன் அழையா விருந்தாளிகளாக வேறு சில மென்பொருள்களும் புகுந்துகொண்டன. திரையெங்கும் விளம்பரங்கள், வங்கிப் பக்கத்தைத் திறக்கவே அச்சம். ஈற்றில் அனைத்தையும் அழித்து, இயங்குதளத்தை மீள நிறுவ வேண்டியதாயிற்று. அவ்வேளை பிரதியெடுத்து வைக்காத ஒளிப்படங்கள் சிலவும் அழிந்து போயின. மகனைச் சினந்தும் பயனில்லை. கணினியை வாங்கிய நாளில் ஒழுங்குசெய்து தந்தவன் அவனே. அதன் நிருவாகி அவன், நானோ வெறும் பயனர்! புலம்பெயர்ந்த நம்மவர் இல்லங்கள் பலவற்றிலும் நிலைமை இதுவாகவே இருக்கும் என எண்ணுகிறேன்.

ஒரே பொறியைப் பலர் பகிர்வதால் எழும் இச்சிக்கல் புதியதன்று. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி முதலானோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளம் பல பயனர்களுக்கென வளர்ந்தது. அதிலே 'ரூட்' எனப்படும் முதன்மைப் பயனருக்கே முழு அதிகாரமும் உண்டு. வீட்டுக் கணினிகளோ ஒருவருக்கென்றே பிறந்தவை. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கணினியின் முன் அமர்ந்தவர் எவரோ அவரே அரசர். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அதிகாரங்களைப் பிரிக்கும் அமைப்பை வீடுகளுக்குக் கொண்டு வந்தது. ஆயினும் வீட்டார் பெரும்பாலும் நிருவாகிக் கணக்குகளையே பயன்படுத்தினர். 2007இல் வந்த விஸ்டா, மென்பொருளை நிறுவ முற்படுகையில் திரையை மங்கச்செய்து அனுமதி கேட்டது. தொல்லை எனப் பலர் ஏசினர். அவ்வழக்கம் விண்டோஸ் 11இலும் தொடர்கின்றது.

இதன் இயக்கம் எளிதே. பெரும்பாலான மென்பொருள்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறையிலும், 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டின் பொதுப் பகுதியிலும் எழுதியே தம்மை நிறுவிக்கொள்கின்றன. நிருவாகி அங்கே எழுதலாம். சாதாரணப் பயனர் வாசிக்கலாமேயன்றி எழுத இயலாது. அவர் நிறுவ முயன்றால் கணினி நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

ஆகவே செய்ய வேண்டியது, விண்டோஸ் 11இல் 'செற்றிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' எனச் சென்று, முதலில் கடவுச்சொல்லுடன் புதிய கணக்கொன்றை உருவாக்கி அதனை நிருவாகி ஆக்குவதாகும். அதனுள் ஒருமுறை நுழைந்து பார்த்த பின்னரே ஏனைய கணக்குகளைச் சாதாரணக் கணக்குகளாக மாற்றுக. இவ்வொழுங்கு முக்கியம். பெற்றோரும் நாளாந்த வேலைகளுக்குச் சாதாரணக் கணக்கையே கொள்வது நன்று. நம் கையும் தவறக்கூடியதுதானே! மக் கணினியில் 'யூசர்ஸ் அன்ட் குரூப்ஸ்' பகுதியிலே, கணினியை நிருவகிக்கும் அனுமதியைப் பயனர்தோறும் நீக்கிவிடலாம்.

இத்துடன் யாவும் அடங்கிவிடும் என்று மயங்க வேண்டா. சில மென்பொருள்கள் பயனரின் சொந்தக் கோப்புறையிலேயே தம்மை நிறுவிக்கொள்ளும். குரோம் உலாவியை அவ்வாறு நிறுவ முடியும் என்பது பலரும் அறியாதது. உலாவியின் நீட்சிகளுக்கும் பொதுவாக நிருவாகியின் அனுமதி தேவையில்லை. இவற்றையும் தடுக்க விரும்பும் பாடசாலைகளுக்கு, அனுமதித்தவை மட்டுமே இயங்கச் செய்யும் 'ஆப்லாக்கர்' போன்ற வசதிகள் உண்டு. வீட்டுக்கு அது மிகை. ஆனால் ஒன்றை வீட்டிலுள்ள முதியோருக்குக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும். கணினியிற் பிழை இருப்பதாகத் தொலைபேசியில் அழைத்து ஏய்ப்போர், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை இறக்கச் சொல்வர். அவற்றுட் சில நிறுவாமலே இயங்க வல்லவை. அங்கே கடவுச்சொல் காவல் நிற்காது. அம்மம்மா தொலைபேசியை வைத்துவிட வேண்டியதுதான்.

எம் வீட்டு நிருவாகியின் கடவுச்சொல் இப்போது ஒரு தாளில் எழுதப்பட்டு, கடவுச்சீட்டுகளுடன் பூட்டிய பெட்டியில் இருக்கின்றது. மகனுக்கு ஏதேனும் மென்பொருள் வேண்டுமாயின் என்னை அழைப்பான். அனுமதி கேட்கும் பெட்டியில் வெளியீட்டாளரின் பெயர் காட்டப்படும். அறியப்படாதவர் எனில் அதுவும் தெரியும். அதனை இருவருமாக வாசித்த பின்னரே நான் கடவுச்சொல்லைத் தட்டச்சுச் செய்கிறேன். இதுவரை மூன்று கேட்டான், இரண்டுக்கு இசைந்தேன். மூன்றாவதைப் பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.