தாளிட்ட கதவுக்குப் பின்னால் பாட்டியின் குரல்

சாவி தொலைந்துவிட்டால் வீடே தொலைந்துவிட்டது என்று யாராவது ஒப்பாரி வைப்பார்களா? ஆனால் ஒரு நாள் காலையில் மடிக்கணினி திறக்க மறுத்துவிட்டால் நம்மில் பலர் அப்படித்தான் கலங்கிப் போகிறோம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் எதிர்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறியது, ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது, கடைசியில் லயங்களும் இடிந்தன. குடும்பம் ஈப்போவுக்கு வந்து தாமான் வீட்டில் குடியேறியது.

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. எங்கம்மா குரல் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார் அக்கா.

விஷயம் இதுதான். அக்காவின் தாயார் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். 2019இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பேத்தி அவரை உட்காரவைத்துப் பழைய கதைகளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். விடியற்காலைப் பிரட்டு, தோளில் பால்வாளி, மழை பெய்தால் வெட்டும் இல்லை கூலியும் இல்லை என்ற நாட்கள், தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று நான்கு பதிவுகள். அவற்றோடு லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் படங்கள். இன்று அந்த இடங்கள் இல்லை. படங்களும் குரலும் அந்த ஒரே மடிக்கணினியில்தான் இருந்தன.

முதலில் போன கடையில், "விண்டோஸ் கெட்டுப்போச்சு. ஃபார்மட் பண்ணி நாளைக்கே கொடுத்திடறேன்" என்றார்களாம். "உள்ளே இருக்கிற படமெல்லாம்?" என்று பேத்தி கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் போயிடும்." அவள் ஒன்றும் பேசாமல் கணினியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அந்த ஒரு கேள்விதான் பாட்டியைக் காப்பாற்றியது!

செக்ரோல் கிழிந்தால் ஆள் போய்விடுவாரா?

கணினி திறக்கவில்லை என்பது வேறு. உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்பது வேறு. தோட்டத்தில் கிராணியார் வைத்திருந்த செக்ரோலை நினைத்துப் பாருங்கள். யார் யார் எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. ஒரு நாள் அந்தச் செக்ரோல் நனைந்து கிழிந்துவிட்டால் தொழிலாளர்கள் மறைந்துவிடுவார்களா? லயம் லயமாகப் போய்த் தேடினால் எல்லாரும் இருப்பார்கள்.

கணினியின் வன்தட்டிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். பட்டியல் கெட்டாலும், விண்டோஸ் கெட்டாலும், திரை கெட்டாலும் கணினி திறக்காது. ஆனால் படங்கள் பெரும்பாலும் தங்கள் இடத்திலேயே இருக்கும். ஆபத்து எப்போது வருகிறது? காலியாகத் தோன்றும் அந்த வீடுகளில் புதுக் குடும்பங்களைக் குடியேற்றும்போதுதான். ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் ஏற்றினால் பழையவற்றின் மேல் புதியவை ஏறிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அவற்றை மீட்க முடியாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

முதலில் சின்னச் சின்ன காரியங்களைச் செய்து பாருங்கள். செருகியிருக்கும் விரலியை எடுத்துவிடுங்கள். கணினி அதிலிருந்து தொடங்கப் பார்த்து முழித்துக்கொண்டு நிற்கலாம். மின்கம்பியைக் கழற்றி, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடியும் இணைத்துப் பாருங்கள். விசிறி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பாருங்கள். படம் அங்கே வந்தால் கெட்டது திரைதான்.

இவற்றுக்கு மசியவில்லையா? கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் வேறொரு கணினியில் உபுண்டு என்ற இலவச மென்பொருளை ஒரு விரலியில் ஏற்றி, அதிலிருந்து இந்தக் கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். 'நிறுவு' என்பதைத் தொடாமல் 'முயன்று பார்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால் கோப்புகள் தெரியும். அவற்றை வெளித்தட்டுக்கு நகல் எடுத்துவிடலாம். பல மடிக்கணினிகளில் வன்தட்டைக் கழற்றி ஓர் உறையில் போட்டு, வேறு கணினியில் செருகியும் பார்க்கலாம்.

இங்கே ஒரு பூட்டும் உண்டு. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற காவல் இருக்கிறது. அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதை எழுதிப் பீரோவில் வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் தட்டு நன்றாக இருந்தாலும் உள்ளே போக முடியாது.

செய்யக் கூடாதவை

வன்தட்டிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதா? உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, படிக்கும் முனை தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அதன் மேல் மிதக்கிறது. முனை பழுதாகித் தட்டை உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் தகவல் தேய்ந்துபோகும். தட்டின் மூடியை வீட்டில் திறப்பதும் கூடாது. ஒரு தூசி போதும் கெடுக்க. இத்தகைய பழுதுக்குத் தூசியில்லா அறை வைத்திருக்கும் நிபுணர்களிடம்தான் போக வேண்டும். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகலாம்; முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கணினியை, காய்ந்துவிட்டதா என்று பார்க்க மின்சாரம் கொடுக்காதீர்கள். அரிசி மூட்டையில் புதைப்பதாலும் பயனில்லை. கடையில் கொடுக்கும்போது, 'தகவல் முக்கியம், ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

விண்ணிலிருந்து விழுந்த தட்டு

எவ்வளவு கெட்ட தட்டிலிருந்து மீட்க முடியும் என்று கேட்கிறீர்களா? 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் வானிலேயே சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் மாண்டனர். சிதைவுகளுக்கிடையே கருகி உருக்குலைந்த ஒரு வன்தட்டு கிடைத்தது. செனான் வாயுவைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் அதில் இருந்தன. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருந்த தகவல் மீட்பு நிபுணர்கள் உள்ளே இருந்த தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறொரு கருவியில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காட்டை மீட்டுவிட்டார்கள். அந்த ஆராய்ச்சி 2008இல் வெளியாயிற்று. மறைந்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை.

பாட்டி பேசினார்

நம் பாட்டியின் கதைக்கு வருவோம். ஈப்போவில் சிறு மேசை போட்டுப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். தட்டைக் காதருகே வைத்துக் கேட்டார். "சத்தம் இல்லம்மா, நல்ல சகுனம்" என்றார். தட்டில் சில இடங்கள் பழுது, பட்டியலும் சிதைந்திருந்தது. அவர் மூலத்தட்டில் கைவைக்கவில்லை. முதலில் அதை அப்படியே புதுத்தட்டுக்கு நகல் எடுத்தார். அதற்கே ஓர் இரவும் ஒரு பகலும் பிடித்தன. பிறகு அந்த நகலில் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு தேடினார்.

படங்கள் வந்தன, பலவற்றுக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அக்காவும் மகளும் இரண்டு மாலை உட்கார்ந்து, 'இது ஆடித் திருவிழா, இது பள்ளிக்கூடத்துக் கடைசி நாள்' என்று வரிசைப்படுத்தினார்கள். கோயில் நிர்வாகக் குழுவின் பழைய கூட்டக் குறிப்பு ஒன்று திறந்தபோது, தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கிலக் குறிகளாக இருந்தது. அக்கா பதறிப்போனார். அது பழுதே அல்ல. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. உரிய மாற்றியில் போட்டால் தமிழ் திரும்பிவிடும். கணினித் தமிழில் நம் நாட்டுக்குப் பெருமையான பங்கு உண்டு. 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியவர் நம் மலேசியர் முத்து நெடுமாறன் அல்லவா!

நான்கு குரல் பதிவுகளில் மூன்று முழுமையாக வந்தன. நான்காவது பாதியில் நின்றுவிட்டது, பாட்டி திருவிழாவைச் சொல்லிக்கொண்டே வந்து, "அன்னிக்கு ராத்திரி..." என்றதோடு சரி. அன்று இரவு என்ன நடந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அக்கா அழுதார். ஆனாலும் தீபாவளியன்று காலையில் அந்த வீட்டில் பாட்டியின் குரல் கேட்டது. பேரப்பிள்ளைகள் எண்ணெய்த் தலையோடு சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

மூன்று இடம் வேண்டும்

வாசக அன்பர்களே, மீட்பது கடைசி வழி. முதல் வழி நகல் எடுத்து வைப்பதே. மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு விதமான பொருள்களில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று. மூன்றாவது வேறு வீட்டில், அண்ணன் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ, அல்லது இணையச் சேமிப்பில் இருக்கட்டும். வெள்ளமோ திருட்டோ வந்தாலும் மூன்றும் ஒரே நாளில் போகாது. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் தேர்வுச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளையும் அதிலேயே சேர்த்து வையுங்கள். ஒரு காகிதம் இல்லாமல் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உங்கள் வீட்டில் தோட்டக் கதை தெரிந்த பெரியவர் இன்னும் இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அன்று மாலையே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.