பச்சை பட்டன், சிவப்பு பட்டன்... நடுவில் ஓர் உயிர்!

ஆபீஸில் ஃபேன் நின்றால் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ரகம் நாம். ஆனால் ஊரில் உங்கள் அப்பாவோ மாமாவோ ஒரு கிணறும் 5 ஹெச்.பி. மோட்டாரும் வைத்திருந்தால், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் கரண்ட் இலவசம் என்று ஆனது 1990-இல். கரண்ட்தான் இலவசம், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கூலி இலவசமில்லை. பேனல் போர்டு என்கிற தகரப் பெட்டியின் அவசியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரெடிமேடாகவும் கிடைக்கும். ஆனால் கிணறா போரா, மோட்டார் வெளியிலா தண்ணீருக்குள்ளா, வோல்டேஜ் எப்படி என்று பார்த்து, டெய்லரிடம் அளவு கொடுத்த மாதிரி நமக்கென்று கட்டிக்கொள்வது உத்தமம்.

பொள்ளாச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒயர்மேன் ஒருவர், பெட்டியைத் திறந்து பாடமே எடுத்துவிட்டார்.

"இது மெயின் சுவிட்சுங்க. எதுல கை வைக்கறதா இருந்தாலும் மொதல்ல இத இறக்கோணும். இது காண்டாக்டர். பச்சை பட்டன அமுக்கினா காயில் இழுத்துப் புடிச்சுக்கும். கரண்ட் போச்சுன்னா உட்டுரும். திரும்ப வந்தா தானா ஓடாது, நீங்கதான் அமுக்கோணும்."

"ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுட்டா?"

"தானா எடுத்துக்கும். ராத்திரி எந்திரிச்சுப் போற வேலை மிச்சமுங்க. ஆனா, கரண்ட் இல்லைன்னு நெனச்சு பம்ப்பைக் கழட்டிட்டு இருக்கறப்ப வந்துருச்சுன்னா?"

நான் மெயின் சுவிட்சை இன்னொரு முறை மரியாதையோடு பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது ஓவர்லோட் ரிலே. 5 ஹெச்.பி. மும்முனை மோட்டார் முழு பாரத்தில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு! அதைப் பொறுத்துக்கொண்டு, தொடர்ந்து அதிகம் இழுத்தால் மட்டும் அறுத்துவிடுவது ரிலேயின் வேலை. மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு அதைத் திருகி வைக்க வேண்டும். 'அடிக்கடி ட்ரிப் ஆகுது' என்று கூட்டி வைப்பது, ஜுரம் காட்டுகிறதென்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்.

ஓடும்போது ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் நிற்காது. மற்ற இரண்டில் சுமார் 1.7 மடங்கு இழுத்துக்கொண்டு, முனகியபடி ஓடி, காயில் கருகிய பிறகே ஓயும். அதற்குத்தான் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டர். மும்முனை கரண்டை முறை வைத்து விட்ட வருடங்களில், கண்டன்சர் மாட்டி இரண்டு ஃபேஸிலேயே ஓட்டிய மகானுபாவர்கள் உண்டு. காயில் கடைக்காரர்களின் குலதெய்வங்கள்!

நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் ஏ.ஸி. தண்ணீர் இறங்கிவிட்டால் அது இழுக்கிற ஆம்பியர் குறையும். அதைக் கண்டுபிடித்து நிறுத்த ஒரு கருவி உண்டு.

இவையெல்லாம் மோட்டாரைக் காப்பாற்ற. நம்மவர்கள் முணுமுணுக்காமல் காசு கொடுப்பார்கள். பேரம் ஆரம்பிப்பது 'எர்த்' என்றதும்தான்.

"பக்கத்துத் தோட்டத்துல இல்லாமத்தான ஓடுது?"

ஓடும் சார். எர்த் இல்லாமலும் மோட்டார் ஜோராக ஓடும். ஆபத்தே அதுதான்! உள்ளே ஒயர் தோலுரிந்து பெட்டியைத் தொட்டால் தகரம் முழுக்கக் கரண்ட். ஈரக் காலோடு போய் அதைத் தொடப்போகிறவர் அப்பா.

மோட்டாரின் இரும்பு உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் என்பது விதி. ஒன்று அறுந்தால் இன்னொன்று. அதோடு ஆர்.ஸி.ஸி.பி. என்று ஒரு சமாசாரம். ஓவர்லோட் ரிலே விழித்துக்கொள்ள ஏழெட்டு ஆம்பியர் வேண்டும். ஆளை முடிக்க அதில் துளிகூடத் தேவையில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் ரகம்தான் மனுஷனுக்கானது. பழைய கேபிள் என்றால் அடிக்கடி விழும். கேபிளை மாற்றுங்கள், கருவியைக் கழற்றாதீர்கள்.

நான் படித்த பி.காம். கணக்கில் காயில் கூலியை நஷ்டத்தில் எழுதிவிடலாம். இதை எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனால், எர்த் கம்பி அறாமல் மண் வரை போகிறதா என்று பாருங்கள். ஆர்.ஸி.ஸி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பாருங்கள். மற்ற வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள்.

"இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையேடா" என்பார் அப்பா. சண்டை போடாதீர்கள். காசை நீங்களே கொடுத்து, மாட்டி முடித்த பிறகு பஸ் ஏறுங்கள்!