சன்னல் சட்டத்துக்கு எந்த நிறம்?

ஹில் ஸ்ட்ரீட் வழியாகப் பேருந்தில் செல்வோரின் பார்வை அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் பக்கம் திரும்பாமல் இருக்காது. 1934ல் கட்டப்பட்ட பழைய ஹில் ஸ்ட்ரீட் காவல் நிலையம் அது. அதன் 927 சன்னல்களிலும் வானவில்லின் நிறங்கள். சுவர்களோ அடக்கமான வெளிர்நிறத்தில் பின்வாங்கி நிற்கின்றன. சுவர்களும் சன்னல்களோடு போட்டியிட்டிருந்தால் கண் எதில் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியிருக்கும்.

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் பூசும்போது, “கதவுக்கு எந்த நிறம்?” என்ற கேள்வி பல குடும்பங்களில் இளையர்களிடம் வந்து சேர்கிறது. பிடித்த நிறத்தைச் சொல்வது எளிது. ஆனால், அந்த முடிவோடு குடும்பமே பல ஆண்டுகள் வாழவேண்டும். வெளிக்கதவு என்றால் எதிர்வீட்டுக்காரரும்தான்.

ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பிரான்சின் கொபெலாங் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ருல் இதை ஆராய்ந்து 1839ல் நூலாக வெளியிட்டார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது அவர் சாயத்தைச் சோதித்தார். குறை சாயத்தில் இல்லை. அருகில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின.

கடையில் தரும் வண்ண அட்டை நம்மை ஏமாற்றுவதும் இதனால்தான். வெள்ளைத் தாளில், கடை விளக்கொளியில் பார்த்த சாம்பல், மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் நீலம் பாய்ந்ததுபோல் தோன்றலாம்.

அடுத்தது வெயில். அடர்நிறங்கள் சூரிய ஒளியை அதிகம் ஈர்த்துச் சூடாகும். மேற்கு நோக்கிய கறுப்புக் கதவைப் பிற்பகலில் தொட்டாலே அது தெரியும். வெயிலில் காய்ந்து சுருங்கி, மழையின் ஈரத்தில் உப்பும் மரத்தோடு சாயப்படலமும் இழுபடுகிறது. நாளடைவில் வெடித்து உரிகிறது. வெயில் நேராக விழும் மரக்கதவுக்கு வெளிர்நிறமே பாதுகாப்பு. நிழலான தாழ்வாரக் கதவில் அடர்பச்சையோ கருநீலமோ நீண்ட நாள் தாங்கும்.

சன்னல் சட்டத்தை வீட்டுக்குள் இருந்தும் பார்க்க மறக்கவேண்டாம். பின்னால் வானம் பிரகாசமாக இருப்பதால் சட்டம் இன்னும் கறுத்துத் தெரியும். உட்புறம் வெளிர்நிறமாக இருந்தால் அந்த வேறுபாடு குறைந்து கண் கூசுவதும் குறையும்.

எல்லா முடிவும் நம் கையில் இல்லை. லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டி நெறிமுறைகள் உண்டு. வீவக வீட்டின் வெளிப்புறத்தில் கைவைக்குமுன்னும் விதிமுறைகளைச் சரிபார்ப்பது நல்லது.

பிறகு ஒரு சிறு சோதனை. மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரிச் சாயம் மட்டும் வாங்குங்கள். ஏ4 அளவு அட்டைகளில் இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். சுவரை ஒட்டி வைத்து காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக் காட்டுங்கள். மூன்று வேளையிலும் மனத்துக்கு ஒத்துவரும் நிறத்துக்கு மட்டும் முழு வாளி வாங்கினால் போதும்.