உஷார்! ‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

மேலப்பாளையத்துத் தாய்மார்களே, சகோதரிகளே, மார்பில் ஏதோ தட்டுப்பட்டால், முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் பீடி சுற்றிய கடுப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். வலிக்கவில்லை என்றால் இன்னும் தைரியம். ஆபத்தே அங்கேதான்! மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 98,000 பெண்களை இந்த நோய் கொண்டுபோனதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது.

சரி, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுத்தாயிற்று, ‘நார்மல்’ என்று வந்துவிட்டது. கட்டி கையில் தட்டுப்படுகிறதா? அப்படியானால் அந்தத் தாளை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். கட்டியும் வெள்ளைதான். இளவயதில் திசு அடர்த்தியாக இருப்பதால் வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடும். மேலைநாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே நம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. அதனால் இந்தக் கண்ணாமூச்சி நமக்குத்தான் அதிகம். ரிப்போர்ட்டில் அடர்த்தி ‘சி’ அல்லது ‘டி’ (அதாவது அடர்த்தி அதிகம்) என்று இருந்தால், அல்ட்ராசவுண்டும் தேவையா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

டோமோசிந்தசிஸ் என்ற முப்பரிமாண மேமோகிராமும் வந்திருக்கிறது. பல கோணங்களில் படமெடுத்து, மெல்லிய அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த திசு மறைத்த கட்டியும், ஓரிடத்தில் திசு சுண்டி இழுபட்டிருப்பதும் அதில் பிடிபடும். எல்லா ஊரிலும் இல்லை. ஆனாலும் கேட்பதில் தவறில்லை.

பரிசோதனைக்குப் போகும் நாளில் அக்குளிலோ மார்பிலோ பவுடர், ஸ்ப்ரே போடாதீர்கள். உப்புத்தூள் போல் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள் புற்றின் முதல் தடயமாக இருக்கலாம். பவுடர் துகளும் படத்தில் அப்படியே தெரிந்து குழப்பும். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

‘தொடமாட்டோம், வலிக்காது, வெப்பப் படம் போதும்’ என்று சொல்லும் முகாம்களிடம் மிகவும் எச்சரிக்கை! வெப்பப் படம் மேமோகிராமுக்கு ஈடாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. கூச்சம் புரிகிறது. பெண் டாக்டர், பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோல் சுருக்கம் — எது தெரிந்தாலும் இந்த வாரமே பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள்.